மனநிலைக் கோளாறிலிருந்து மீட்சி: இலக்குகளை வகுத்துக்கொள்வது எப்படி?

மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்ற மனநிலைக் கோளாறுகளுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் மருத்துவரிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "எப்போது முழுமையாகக் குணமாகும்?" என்பதே. ஆனால், இக்கோளாறுகள் பலருக்கு மீண்டும் மீண்டும் வரக்கூடியவை. அறிகுறிகள் அடியோடு மறையும் நாளுக்காகக் காத்திருந்தால், படிப்பு, வேலை, உறவுகள் என அனைத்தும் தள்ளிப்போகும். எனவே, நோய் இருக்கும்போதே தாம் விரும்பும் வாழ்க்கையை நோக்கிச் சிறுகச் சிறுக நகர்வதையே இன்றைய மனநலத் துறை 'மீட்சி' என்கிறது. அந்த இலக்கை வகுக்க வேண்டியவர் நோயை அனுபவிப்பவரே. மருத்துவரும் குடும்பத்தினரும் அவருக்குத் துணை நிற்பவர்கள்.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் மனச்சோர்வுக்கு ஆளாவதாகத் தெரிவித்தது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, மருத்துவரைச் சந்திப்பதே பலருக்கு முதல் இலக்காக இருக்க வேண்டும்.

எப்போது தீர்மானிப்பது?

மற்ற நோய்களில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. இலக்கை வகுக்கும் மனமே நோயின் பிடியில் இருக்கலாம். மன எழுச்சி நிலையில் எதுவும் முடியும் என்று தோன்றும். வேலையை உதறிவிட்டுப் புதிய தொழில் தொடங்குவது, பெருந்தொகை கடன் வாங்குவது போன்ற முடிவுகள் ஒரே இரவில் எடுக்கப்படலாம். மனச்சோர்வு நிலையிலோ எதுவுமே முடியாது என்று தோன்றும். குளிப்பதும் பெரும் சுமையாகிவிடும். எனவே, மனநிலை ஓரளவு சீராக உள்ள காலத்தில் நீண்டகால இலக்குகளைத் தீர்மானித்து எழுதி வைப்பது நல்லது. பணம், வேலை, திருமணம் தொடர்பான பெரிய முடிவுகளை நம்பிக்கைக்குரிய ஒருவருடன் பேசாமல் எடுப்பதில்லை என்பதையும் ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

சிறு படிகள்

'பழையபடி ஆக வேண்டும்' என்பது விருப்பம்; அதை அளந்து பார்க்க முடியாது. நீண்ட விடுப்பில் உள்ள ஓர் ஊழியர் பணிக்குத் திரும்ப விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ஒரே நேரத்தில் எழுவது, அடுத்த வாரம் நாள்தோறும் 15 நிமிடங்கள் நடப்பது, பின்னர் ஒரு மணி நேரம் நூலகத்தில் அமர்ந்து படிப்பது, அதன்பின் அலுவலகத்தில் குறைந்த நேரப் பணி குறித்துப் பேசுவது என அவர் படிப்படியாக முன்னேறலாம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு அளவுகளை வைத்துக்கொள்வது உதவும். நல்ல நாளில் 15 நிமிட நடை. மோசமான நாளில் வாசல் வரை சென்று வருவது. உற்சாகம் வந்த பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், சிறு செயலின் மூலம் உற்சாகத்தை மீட்பது மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் பயன்படும் முறையே.

உறக்கமும் மருந்தும்

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு உறக்கம் கெடுவது மன எழுச்சியைத் தூண்டக்கூடும். திருமண வீட்டில் கண்விழிப்பது, தொடர் இரவுப் பயணம், மாறி மாறி வரும் இரவுப் பணி ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். லித்தியம் மருந்து உட்கொள்வோர் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டையும் அறிய உரிய இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் அருந்தாமல் நோன்பு இருக்க விரும்பினால் முன்னரே மருத்துவரிடம் கேட்பது அவசியம். நலமாக இருப்பதாகக் கருதி மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். உடல் எடை கூடுதல், மந்தம் போன்ற பக்கவிளைவுகள் இருந்தால் அதைக் கூறி மருந்தையோ அளவையோ மாற்றித் தருமாறு கேட்பதும் மீட்சிக்கான இலக்கே.

சட்டம் தரும் உரிமை

குறைந்த உறக்கத்திலும் களைப்பின்மை, வேகமான பேச்சு, கட்டுப்பாடற்ற செலவு, யாரையும் சந்திக்க விரும்பாமை என ஒவ்வொருவருக்கும் முன்னறிகுறிகள் வேறுபடும். தமது அறிகுறிகளையும், அவை தென்பட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் குடும்பத்தினரிடம் கொடுத்து வைக்கலாம்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, வயது வந்த எவரும், பின்னாளில் முடிவெடுக்கும் திறனை இழக்க நேர்ந்தால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பவற்றை முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிக்கலாம். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. உடல் நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இலக்கு தவறினால்...

நோய் மீண்டும் தலைதூக்குவது தோல்வியாகாது. எந்த இலக்கு பெரிதாக இருந்தது, எந்த அறிகுறி கவனிக்கப்படவில்லை என்று பார்த்து, திட்டத்தைத் திருத்திக்கொண்டு தொடரலாம். ஆனால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் இலக்குகளை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே உதவி பெற வேண்டும். அருகில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடக்கூடாது. 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது.