இலவச வகுப்பும் கற்றற் கருவியும்: வன்னியின் நிரலாக்கக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டண நீக்கத்தால் மட்டும் வேரூன்றியதன்று. தாய்மொழிவழிக் கற்பித்தலும் கிராமப்புற மத்திய பாடசாலைகளும் அதனுடன் இணைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்று இணையத்தள நிரலாக்கத்தை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடநெறியிலும், 2014இல் தோன்றிய ஃபிரீகோட்கேம்ப் முதலியவற்றிலும் கட்டணமின்றிக் கற்கலாம். 1993இல் செர்ன் ஆய்வுகூடம் வையவிரிவலைத் தொழில்நுட்பத்தைப் பொதுவுடைமையாக்கியமை இதற்கு அடித்தளமாகும். ஆயினும் கற்றற் கருவி தனியுடைமையாகவே உள்ளது. கைத்தொலைபேசியிற் பாடத்தைப் பார்க்கலாம், எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை எழுதி, பிழை திருத்திப் பயிலக் கணினி வேண்டும். 2009இல் போர் முடிந்தபோது உடைமையனைத்தையும் இழந்து நின்ற கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது எளிதில் வாங்கத்தக்க பொருளன்று. நிரலின் கட்டளைச் சொற்களும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்திலிருப்பது இரண்டாவது தடையாகும்.

ஆகவே, இலவச வகுப்பு முதற்படி மாத்திரமே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பாடசாலைக் கணினிக்கூடங்களை மாலையிலும் விடுமுறையிலும் ஊராருக்குத் திறந்து, இப்பல்கலைக்கழக மாணவர் அங்கு இணையப் பாடங்களைத் தமிழில் விளக்குவாராயின், கற்றோரே அடுத்த அணியினருக்குக் கற்பிப்போராவர். கன்னங்கராவின் சீர்திருத்தம் உணர்த்தும் பாடமும் இதுவே: கட்டணத்தோடு கருவியும் மொழியும் தடையாகாதவிடத்தே கல்வி பொதுவாகின்றது.