சேஸிஸ் எண் திருத்தப்பட்ட பழைய வண்டி

இராயபுரத்திலும் எண்ணூரிலும் உப்புக்காற்றால் சேஸிஸ் எண், அதாவது சட்டகத்தில் பொறித்த அடையாள எண், துருவேறி மங்குவதுண்டு. ஆனால் அரத்தின் கீறலும் அதை மறைக்கும் புதுப் பெயிண்டும் வேறு கதை, அவை யாரோ எண்ணைத் திருத்தியதைக் காட்டும்; அமிலம் தடவினால் அழித்த எண் பெரும்பாலும் தடய ஆய்வில் மீண்டும் தெரியும். அப்படித் திருத்திய வண்டி திருட்டு வண்டியெனில், திருடியவருக்கு உரிமையில்லாததால் வாங்கியவருக்கும் உரிமை வராது என்பதே பொது விதியெனினும், 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விற்கும் உரிமை தமக்குண்டு என விற்பவர் உறுதியளித்ததாகவே கொள்வதால், கொடுத்த பணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். விற்றவர் வணிகராயின் நுகர்வோர் ஆணையமே எளிய வழி. அதற்குக் காலவரம்பு இரண்டாண்டு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருளென அறிந்தோ நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வைத்திருப்பதைத் தண்டிப்பதால், சந்தேகம் எழுந்த பின்னும் வண்டியை ஓட்டுவது அறிவீனம். ரசீதுடன் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் அளிப்பதே வாங்கியவருக்குப் பாதுகாப்பு.