6-ம் எண் கூண்டும் 47.5 அடியும்

கடலூர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்றே பலரும் நினைக்கிறோம். அது முழுக்கச் சரியல்ல. 2 என்றால் தொலைகடலில் புயல். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமையுள்ள புயலுக்கானவை. புயலின் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கடும் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

இடமா வலமா என்பது சின்ன விஷயமல்ல. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்குதான் வலப்பக்கம். நமது அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அலையையும் சேர்த்துத் தள்ளிவரும். தெற்கே அது கரையிலிருந்து கடலுக்கு வீசும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணினிக்கு விளக்க வேண்டும். வானிலைத் தகவல், நீர்மட்டம், பேருந்து நேரம் என்று எதையும் தானே தேடி எடுத்துப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட்டுகள் இப்போது பெருகி வருகின்றன. அவற்றுக்கு நாம் மென்பொருள் கருவிகளைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கக் குறிப்பு, என்னென்ன விவரம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பட்டியல். எந்தக் கருவியை எப்போது எடுப்பது, வந்த விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை ஏஜென்ட் பெரும்பாலும் அந்தச் சில வரிகளை வைத்தே முடிவு செய்கிறது. மனிதப் புரோகிராமர் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் கேட்பார். ஏஜென்ட்டுக்குக் குறிப்பில் இல்லாதது ஊகம்தான். அந்த ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் படகு வைத்திருப்பவர் அதை நம்பிக் கடலுக்குப் போக முடியாது. கூண்டு எண்ணைத் தரும் கருவியின் குறிப்பில் ‘எச்சரிக்கை நிலை, 1 முதல் 11 வரை’ என்று மட்டும் இருந்தால், 6 என்பதைப் பாதி ஆபத்து என்று அது தேவனாம்பட்டினத்து மீனவருக்குச் சொல்லிவிடக்கூடும்.

சிதம்பரம் பக்கம் வந்தால் இன்னொரு எண். வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. நாளிதழில் அதனருகே மேட்டூர் அணை 120 அடி என்றிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புதியவர், மேட்டூரில் பாதிக்கும் குறைவான ஆழம் வீராணத்துக்கு என்று எண்ணுவார். ஆனால் 47.5 அடி ஏரியின் ஆழமே அல்ல. நிலையான ஓர் அடிமட்டத்திலிருந்து அளக்கப்படும் நீர்மட்டக் குறி. ஏரி அத்தனை ஆழம் கிடையாது. ஆகவே ஓரடி ஏறுவதும் இறங்குவதும் இங்கே பெரிய செய்தி. மழைக்காலத்தில் மட்டம் ஏறினால் வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீர் திறக்கப்படும். கீழேயுள்ள வயல்கள் மூழ்கும். லால்பேட்டை விவசாயிக்கு இது தெரியும். நீர்மட்டக் கருவியை எழுதியவருக்கும் தெரிந்திருக்கலாம். அதனால்தான் அவர் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடுகிறார்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ போன்ற பொது நெறிமுறைகளால் கருவிகளை ஏஜென்ட்டோடு இணைப்பது எளிதாகிவிட்டது. குறிப்பை அவை எழுதித் தருவதில்லை. அலகு என்ன, எங்கிருந்து அளந்தது, எந்த நேரத்து அளவு, இந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையெல்லாம் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். தேதியை 03/04 என்று விட்டால் ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்ற குழப்பம் உறுதி. நீளமாக எழுதினால் போதும் என்பதுமில்லை. எல்லாக் கருவிகளின் குறிப்புகளும் ஏஜென்ட்டின் கவனத்துக்குப் போட்டியிடுகின்றன.

இந்த விஷயத்தில் துறைமுகக் கூண்டு முறையிடம் மென்பொருள் உலகம் பாடம் கேட்கலாம். அதன் 11-ம் எண் புயலின் வலிமையைச் சொல்வதே இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். தகவல் வராத நிலைக்கும் ஒரு தனி அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். நம் கருவிகள் பலவும் தொடர்பு அறுந்தால் வெற்று விடையைத் திருப்பி அனுப்புகின்றன. வெற்று விடையைப் பார்க்கும் ஏஜென்ட், எச்சரிக்கை ஏதுமில்லை என்று சொல்லிவிடக்கூடும். ‘தகவல் கிடைக்கவில்லை, இதைப் பாதுகாப்பு என்று கொள்ளாதே, துறைமுக அலுவலகத்தைக் கேட்கச் சொல்’ என்று கருவியே பதில் தர வேண்டும். குறிப்பை எழுதி முடித்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நாளை கடலுக்குப் போகலாமா என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். போகலாம் என்று அது சொன்னால், குறிப்பைத் திருத்தும் வரை அந்தக் கருவியை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.