சனக்கூட்டமும் கொள்ளைநோயும்: மன்னார்க் கரை கண்டவை

மன்னார்க் கரைக்குச் சனக்கூட்டம் புதிதன்று. கூட்டத்தைப் பின்தொடர்ந்து வரும் நோயும் புதிதன்று. மறிச்சுக்கட்டியிலே முத்துச் சலாபம் கூடிய காலங்களில், மணலும் பற்றைக்காடுமாய்க் கிடந்த அவ்விடம் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் மக்கள் வாழும் பட்டினமாக மாறிவிடும். தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் முத்துக் குளிப்போர் வருவர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் வட்டிக்காரரும் கடைக்காரரும் வந்து குவிவர். எடுத்த சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டுப் பின்னர் கழுவி முத்தெடுப்பதே அக்காலத்து வழக்கம். அந்தத் துர்நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும், 1906ஆம் ஆண்டுச் சலாபத்திலே இளம் உத்தியோகத்தராகக் கடமையாற்றிய லெனாட் வூல்வ் தமது சுயசரிதையில் விவரித்திருக்கிறார். நல்ல தண்ணீர் அரிதான இத்தகைய இடத்தில் வாந்திபேதி புகுந்தால் என்னவாகும்? அந்நோய் சலாபத்தையே குலைத்த ஆண்டுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு.

ஆயினும் அக்கூட்டத்தை அரசாங்கம் கூடாதே என்று தடுக்கவில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குரியதாயிருக்கும்போது எவ்வாறு தடுக்கும்? வைத்தியசாலையும் பொலிஸ் காவலும் அமைத்து, கூட்டத்தை நடத்தியே வந்தது. அதே கரையில் வந்திறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற தோட்டத் தொழிலாளருக்கு அவ்வளவு கவனிப்பு வாய்க்கவில்லை. வாந்திபேதியால் வழியிலேயே விழுந்து மாண்டோர் பலர். கூட்டம் ஒன்றே நோயைப் பரப்புவதாயினும், எந்தக் கூட்டத்தைப் பேணுவது, எதைக் கைவிடுவது, எதைக் கண்டு அஞ்சுவது என்பதை ஆள்வோரின் தேவையே தீர்மானித்தது. இதனை மனத்திற் கொண்டு அண்மைக் காலத்துக்கு வருவோம்.

2020 மார்ச் 20ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மே 11இல் தொழிலகங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. யூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியது. அக்காலத்திலே அமெரிக்காவில், யோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸார் ஒருவரால் கொல்லப்பட்டமையைக் கண்டித்து இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். கடைகள் திறக்கும் வேளையில் இப்படிக் கூடினால் நோய் பெருகாதா என்று பலரும் அஞ்சினர். முந்நூறுக்கு மேற்பட்ட நகரங்களின் கணக்கை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் சிலர், அடுத்த சில வாரங்களில் அத்தகைய பெருக்கத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்றனர். ஆர்ப்பாட்டம் நடந்த இடங்களில் ஏனையோர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டமை அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. திறந்தவெளியில் முகக்கவசத்தோடு நடப்போரினும், அடைத்த மண்டபத்தில் மணிக்கணக்காக நெருங்கியிருந்து வேலை செய்வோருக்கே ஆபத்து அதிகம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

நம் நாட்டில் அதை மெய்ப்பித்தவை ஆர்ப்பாட்டங்களல்ல. அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடையின் ஆடைத் தொழிற்சாலையொன்றிலும், தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் வெடித்தது. சந்தை மூடப்பட்டதும் அதன் அடி மன்னாரில் விழுந்தது. பேசாலையிலும் பள்ளிமுனையிலும் பிடிபடும் மீன் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போனால்தான் இங்கே அடுப்பெரியும். மீனைத் தின்றாலே நோய் வரும் என்ற வதந்தி வேறு! முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலை வந்ததென்றால் அந்த அச்சத்தை அளந்துகொள்ளலாம். விலைபோகாத மீன் கருவாடாகலாம். ஆனால் கருவாடு காய்ந்து காசாகும் வரை வீட்டார் பசித்திருக்க முடியாதன்றோ?

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நீதி கேட்டு நடந்த பேரணி மன்னாரையும் ஊடறுத்துச் சென்றது. காணி அபகரிப்பு, காணாமலாக்கப்பட்டோர், தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களை எரிக்கும் கொடுமை ஆகியன அதன் குரல்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாய் நடந்தனர். தொற்றுநோய்ச் சட்டத்தையும் காரணங்காட்டிப் பொலிஸார் பல நீதிமன்றங்களில் தடையுத்தரவு பெற்றனர். அச்சத்துக்கு இடமே இல்லை என்று நாம் சொல்லோம். வாகனங்களில் நெருக்கமும், ஒன்றாய் உண்ணுதலும், உரக்க முழங்குதலும் ஆபத்துடையனவே. ஆனால் அதே பெப்ரவரி 4ஆம் தேதி கொழும்பில் சுதந்திர தின அணிவகுப்பு நடந்தது; அதற்கு முன்னரே, ஜனவரியில், விமான நிலையங்கள் உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டிருந்தன. கிருமிக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

ஏப்ரிலில் புத்தாண்டுக் கொள்வனவுக்காகக் கடைத்தெருக்கள் நிறைந்தன. மூன்றாம் அலை எழுந்தது. யூலையில் ஆர்ப்பாட்டங்களும் பொதுக்கூட்டங்களும் தடைசெய்யப்பட்டன. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துக் கூடிய இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் முதலியோர், நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் 'தனிமைப்படுத்தப்பட்டனர்'. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் என்பதால் மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. நோய்த்தடுப்புக்கென ஏற்பட்ட ஒரு முறையைத் தண்டனையாக்கினால், நாளை உண்மையான நோயாளியும் அம்முறைக்கு அஞ்சி ஒளிவான். அந்தோ, அபாயம் பொய்யாகவும் இருக்கவில்லை! ஓகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விரண்டுக்கும் நடுவிலே அகப்பட்டவர் ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வராதீர்கள் என்று அடியாரிடமும், கூட்டமாய் நின்று ஏலங் கூறாதீர்கள் என்று மீன் வியாபாரியிடமும் அவரே சொல்லவேண்டியிருந்தது. அவர் வார்த்தைக்கு மதிப்பிருந்தால் சனம் கேட்கும். அதே வார்த்தை பொலிஸாரின் கையில் குறுந்தடியாகிவிட்டால், பிறகு எதைச் சொன்னாலும் சந்தேகிக்கும். 2022இல் மண்ணெண்ணெய் தட்டுப்பட்டபோது மன்னார் மீனவர் வெறுங்கலன்களோடு நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். ஒரு மீற்றர் இடைவெளியைப் பற்றிய பேச்சு அப்பொழுது எங்கோ மறைந்துபோயிருந்தது.