ஒரே கம்பெனி, 58 வருடங்கள்

1965 மார்ச்சில் பம்பாயில் லார்சன் அண்டு டூப்ரோவில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது ஏ.எம். நாயக்கிற்கு வயது 22. சம்பளம் மாதம் 670 ரூபாய். ஓய்வு பெறும் நாளில் 1,000 ரூபாய் வாங்கிக் கொண்டிருந்தால் போதும் என்பதுதான் அப்போதைய கனவு என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. தெற்கு குஜராத்தின் கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகனுக்கு அது சின்னக் கனவும் அல்ல. டென்மார்க் இன்ஜினியர்கள் இருவர் 1938இல் தொடங்கிய அந்தக் கம்பெனி ஐ.ஐ.டி. பட்டதாரிகளைத்தான் விரும்பியது. வல்லப் வித்யாநகரில் படித்த நாயக், முதலில் ஒரு பாய்லர் கம்பெனியில் காலம் தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்தது.

நுழைந்தவர் வெளியேறவே இல்லை. 1999இல் தலைமை நிர்வாகி, 2003இல் தலைவர். 2017இல் அன்றாட நிர்வாகத்தை விட்டார். 2023 செப்டம்பர் 30இல் தலைவர் நாற்காலியையும் விட்டார்.

படிப்படியாக மேலே போன கதைகள் எல்லாக் கம்பெனிகளிலும் உண்டு. நாயக்கின் கதையை வேறாக்குவது, வேலை பார்த்த இடத்தைப் பிறர் கைக்குப் போகவிடாமல் தடுக்க அவர் போட்ட சண்டை. எல் அண்டு டியில் முதலாளி குடும்பம் என்று எதுவும் இல்லை. பங்குகள் சிதறிக் கிடந்ததால் பணம் உள்ளவர்களுக்கு அது கண்ணை உறுத்தும் கனி. எண்பதுகளின் இறுதியில் ரிலையன்ஸ் உள்ளே வந்தது. திருபாய் அம்பானி தலைவராகவும் அமர்ந்தார். ஆட்சி மாறியதும் 1990இல் விலக நேர்ந்தது. ஆனால் பங்குகள் அவர்களிடமே இருந்தன. 2001 நவம்பரில் அதில் 10 சதவீதத்தைச் சுளையாக பிர்லா குழுமத்தின் கிராசிமுக்கு விற்றார்கள். கிராசிமின் கண் எல் அண்டு டியின் சிமென்ட் தொழில்மீது.

இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு ஒரு பேரம் படிந்தது. சிமென்ட் தனியாகப் பிரிந்து கிராசிமிடம் போகும். கிராசிம் தன் வசமிருந்த எல் அண்டு டி பங்குகளை ஊழியர்களுக்கான ஓர் அறக்கட்டளைக்கு விற்றுவிடும். அப்படிப் போன சிமென்ட்தான் இன்று நாட்டிலேயே பெரிய சிமென்ட் நிறுவனமான அல்ட்ராடெக். விலை கொஞ்சமல்ல. ஆனாலும் வாசலில் காத்திருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது.

விசுவாசம் என்ற சொல்லை முதலாளிகள் தாராளமாகப் புழங்குவார்கள். அதற்கு ஈடாகப் பங்குப் பத்திரத்தையே கேட்டு வாங்கிய ஊழியர்கள் இந்தியாவில் அபூர்வம். (தனித்தனி ஊழியர் யாரும் அந்தப் பங்குகளை விற்றுக் காசாக்க முடியாது என்பது வேறு விஷயம்.)

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. எடுக்காத விடுமுறைகளுக்காக நாயக்கிற்குக் கிடைத்த தொகை மட்டும் பல கோடி ரூபாய். 2017இல் பத்திரிகைகள் அதை வியந்து எழுதின. வியப்பதற்குப் பதில் விசாரித்திருக்கலாம். ஐம்பது வருடம் ஒருவர் விடுப்பே எடுக்கவில்லை என்றால் அந்த நாட்களை வேறு யாரோ இழந்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை என்பதை அவரே மறைத்ததில்லை. மகனும் மகளும் அமெரிக்காவில் தங்கிவிட்டார்கள். நாட்டுக்காக உழைப்பதாகச் சொல்லிக் கொண்டவருக்கு அது ஆறாத வருத்தம்.

அந்தப் பழக்கம் கம்பெனியிலும் படிந்துவிட்டது போலும். அடுத்துப் பொறுப்பேற்ற எஸ்.என். சுப்ரமணியன், ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று ஆதங்கப்பட்டது 2025 ஜனவரியில் வெளியே கசிந்தது. வாரம் 90 மணி நேரமா என்று இளைஞர்கள் கொதித்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறும் தலைமுறை அது. நாயக்கின் வாழ்க்கையை அவர்கள் மதிக்கலாம். வாழ்ந்து பார்க்க மாட்டார்கள்.

புற்றுநோயில் இறந்த பேத்தியின் நினைவாக நாயக் சொந்த மண்ணில் மருத்துவமனைகள் கட்டியிருக்கிறார். வருமானத்தில் 75 சதவீதத்தை தர்ம காரியங்களுக்குத் தருவதாக 2016இல் அறிவித்தார். மகன் இந்தியாவுக்குத் திரும்பி வராவிட்டால் முழுவதையும் கொடுத்துவிடுவேன் என்றார்.