திருப்பூரில் சிறு வீட்டு உரிமையாளர்களும் வாடகைச் சிக்கல்களும்

திருப்பூர் நகரிலும் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், அனுப்பர்பாளையம், வீரபாண்டி போன்ற பகுதிகளிலும் பனியன் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வாடகை வீடுகளில் வசிக்கின்றனர். ஓர் அறையும் சமையல் இடமும் கொண்ட வீடுகள் வரிசையாக அமைந்து, கழிப்பறையும் குழாயும் பொதுவாக இருக்கும் குடியிருப்பு லைன் வீடு எனப்படுகிறது. இவற்றைக் கட்டியவர்களில் பலர் பெரிய முதலாளிகள் அல்லர். சேமிப்பையோ தோட்டம் விற்ற பணத்தையோ போட்டு நான்கைந்து வீடுகள் கட்டி, வயதான காலத்தில் அந்த வாடகையை நம்பி இருப்பவர்கள். குடியிருப்பவருக்கோ அந்த ஓர் அறையே ஊரில் உள்ள ஒரே பிடிமானம். ஆகவே இருவருக்கும் இடையே வரும் தகராறு, தொகை சிறியதாக இருந்தாலும், இரு குடும்பங்களின் பிழைப்பைத் தொடுவதாக அமைகிறது.

வாரச் சம்பளமும் மாத வாடகையும்

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம் வழங்குவது பரவலான வழக்கம். தையல், கட்டிங், அயர்னிங், பேக்கிங் ஆகிய வேலைகளில் பலர் பீஸ் ரேட் கணக்கில் உழைக்கின்றனர். ஆர்டர் உள்ள வாரம் ஒன்றரை ஷிப்டு கிடைக்கும். இல்லாத வாரம் மூன்று நாள் வேலை கிடைப்பதும் அரிது. வாடகை மட்டும் மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்கப்படுகிறது. வாடகை பாக்கி என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, மனமில்லாமையால் அன்றி இந்தப் பொருத்தமின்மையால் வருவதே. 4,000 ரூபாய் வாடகையைச் சனிக்கிழமைக்கு 1,000 ரூபாயாக வாங்கிக்கொள்ளும் உரிமையாளருக்குப் பாக்கி சேர்வது குறையும். இவ்வாறு வாங்குவதாக இருந்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுக்க வேண்டும்.

தொழில் முழுவதும் சரியும் காலம் வேறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யல் பகுதிச் சாய ஆலைகள் மூடப்பட்டபோது தொழிலாளர்கள் ஊர் திரும்பினர், வீடுகள் காலியாகின. 2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு, புலம்பெயர்ந்தோர் உட்படத் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்திற்கு வாடகை கேட்கக் கூடாது என்றும், வெளியேற்ற முயன்றால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் குடியிருப்பவரை மாற்றுவதால் பயன் குறைவு. அடுத்து வருபவரும் அதே கம்பெனி வேலையை நம்பித்தான் வருவார்.

வீட்டுக்குள் தையல் எந்திரம்

குடியிருக்க வாடகைக்கு விட்ட வீட்டில் சில மாதங்களில் ஓவர்லாக் எந்திரம் ஓடுவது திருப்பூருக்கே உரிய சிக்கல். பிசிர் வெட்டுதல் போன்ற கைவேலையால் தொல்லை இல்லை. மோட்டார் வைத்த எந்திரங்கள் வந்தால் நிலைமை மாறுகிறது. மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் வீட்டு உபயோகத்திற்காகப் பெறப்பட்டது. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு ஆகலாம். அந்தப் பயன்பாட்டிற்குரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்க அப்பிரிவு இடம் தருகிறது. எந்திரத்தை ஓட்டியவர் வேறு வீட்டுக்குப் போயிருப்பார். தொகைக்கான கேள்வி இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம் வரும். வீடு எதற்குப் பயன்படும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுவதும், தொழில் நடத்த இசைந்தால் அதற்குரிய மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பதும் இதற்கான வழி.

இதன் மறுபக்கமும் உண்டு. துணை மீட்டர் வைத்து, மின் வாரியக் கட்டணத்தைவிட அதிகமாக யூனிட்டுக்கு இவ்வளவு என வசூலிப்பது தமிழகம் முழுவதும் குடியிருப்போர் சொல்லும் குறை. இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை பல லைன் வீடுகளில் குடியிருப்பவரைச் சென்றடைவதில்லை. தகராறுகளுக்கு வித்திடுவதில் இதற்குத் தனி இடம் உண்டு.

யார் வாடகைதாரர்?

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வருவோருக்குப் பல நேரங்களில் ஏஜென்டு அல்லது கம்பெனியே வீடு பிடித்துத் தருகிறது. ஒருவர் பேசி முடிக்கிறார், எட்டுப் பேர் தங்குகிறார்கள், மாதந்தோறும் முகங்கள் மாறுகின்றன. கழிப்பறைத் தொட்டி நிரம்பும்போதுதான் எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது. இத்தகைய இடங்களில் வாடகை கொடுப்பவர் பெயரிலேயே, அதாவது கம்பெனி அல்லது ஏஜென்டு பெயரிலேயே, ஒப்பந்தம் இருக்க வேண்டும். தங்குவோர் எண்ணிக்கையும் அதில் வர வேண்டும். எழுத்துப்பூர்வ இசைவின்றி உள்வாடகைக்கு விடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. காவல் துறை கேட்டுக்கொள்வதற்கிணங்க அடையாள ஆவண நகலை வாங்கி வைப்பது முறை. மூல ஆவணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது முறையன்று.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழகத்தில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு மாற்றாக 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு தேவையில்லை என்ற நம்பிக்கை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை ஒட்டியது. புதிய சட்டத்தின் பதிவு வேறு. 11 மாதம் என்று எழுதுவதால் அது விலகிவிடாது. இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. ஊராட்சி எல்லைக்குள் உள்ள லைன் வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமே பொருந்தும்.

வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்படாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பழுது பார்ப்பதையும் சட்டத்தின் அட்டவணை பிரித்துத் தருகிறது: கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின் கம்பி வேலை ஆகியன உரிமையாளருடையவை, திருகுகுழாய், வாஷர், சுவிட்ச், கழிவுநீர்ப் பாதைச் சுத்தம் ஆகியன குடியிருப்பவருடையவை. உப்புத் தண்ணீர் ஓடும் இவ்வூரில் குழாய் எது, திருகுகுழாய் எது என்ற வழக்கு வீட்டுக்கு வீடு நடக்கும்.

பாக்கி சேர்ந்துவிட்டால்

இரண்டு மாத வாடகை நிலுவையாகி, அதைக் கேட்டு அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்திற்குள்ளும் செலுத்தப்படாவிட்டால், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. அறிவிப்பு எழுத்தில், அஞ்சல் ஒப்புகையுடன் இருப்பது அவசியம். கணக்குப் பார்த்தால் இரண்டு மாதப் பாக்கியும் அறிவிப்புக் காலமும் சேர்ந்து முன்பணம் தீர்ந்துவிடும். வழக்கு அதன் பிறகே தொடங்குகிறது. ஆகையால் சிறு தொகைகளில், பாக்கியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வதே பலருக்கு நட்டம் குறைந்த வழியாக இருக்கிறது.

மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது ஆகியவற்றைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இத்தடை பொருந்தும். குடியிருப்பவர் முறையிட்டால் வசதிகளை உடனே மீட்டுத்தர வாடகை அதிகாரி உத்தரவிடலாம். அதுவரை நியாயம் பக்கம் நின்ற உரிமையாளர் அன்று முதல் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். வீட்டைப் பூட்டிப் பொருட்களை வெளியே வைப்பதும் அதே நிலையில்தான் கொண்டுபோய் விடும்.

காலி செய்யும் நாளில் மீட்டர் அளவையும் சேதங்களையும் இருவரும் பார்த்து எழுதி, சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். உரிய பிடித்தம் போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும்.