வெள்ளை அறையில் ஒரு காண்டாமிருகம்

திரையில் ஒரு காலி அறை. சுவர், தரை எல்லாம் வெள்ளை. அதற்குள் பெரிய பெரிய கட்டங்களால் ஆன ஏதோ ஒன்று நகர்கிறது, பழைய வீடியோ கேம் உருவம் மாதிரி. போகப் போகக் கட்டங்கள் சிறிதாகின்றன. கொம்பு தெரிகிறது, காது தெரிகிறது, தோல் மடிப்பு தெரிகிறது. கடைசியில் ஒரு முழு வெள்ளைக் காண்டாமிருகம் நின்று நம்மைப் பார்க்கிறது.

இது 2019-ல் அலெக்ஸாண்ட்ரா டெய்ஸி கின்ஸ்பெர்க் என்ற பிரிட்டிஷ் கலைஞர் உருவாக்கிய வீடியோ இன்ஸ்டலேஷன். பெயர் 'தி சப்ஸ்டிட்யூட்', அதாவது மாற்று. சினிமா மாதிரி உட்கார்ந்து பார்க்கிற விஷயம் இல்லை இது. அறையையே படைப்பின் பகுதியாக்கி, நம்மை அதில் நிற்க வைப்பது. மிருகம் நிஜ அளவில் எதிரே நிற்கும். நான் பார்த்தது லேப்டாப்பில், அதன் பதிவை மட்டும்தான். அதனால் நேரில் நின்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட எனக்குக் கிடைத்திருக்காது. இருந்தாலும் ஒரு வாரமாக அது மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு.

முதலில் பின்னணி. வெள்ளைக் காண்டாமிருகத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டு வகை. (வெள்ளை என்பது பெயரில்தான், நிறம் சாம்பல்.) தெற்கு வகை நூறு வருடத்துக்கு முன் அழிவின் விளிம்புக்குப் போய், பாதுகாப்பால் மீண்டு ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. வடக்கு வகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1960 வாக்கில் 2,000-க்கு மேல் இருந்தவை, கொம்புக்கான வேட்டையிலும் உள்நாட்டுப் போர்களிலும் கரைந்தன. காட்டில் கடைசியாகத் தங்கியிருந்தது காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில். 2003-ல் அங்கே சுமார் 30. சில வருடங்களில் அதுவும் போச்சு. செக் நாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் மிஞ்சியிருந்தவற்றில் நான்கை 2009 டிசம்பரில் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதில் 'சூடான்' என்ற கடைசி ஆண் 2018 மார்ச்சில் இறந்தது. இப்போது மிச்சம் அதன் மகள் நஜினும், நஜினின் மகள் ஃபத்துவும்.

கின்ஸ்பெர்க் தன் படைப்பைத் தொடங்கியது இந்த மரணத்திலிருந்துதான். திரை மிருகத்தின் அசைவுகளும் சத்தங்களும், கடைசி மந்தையை ஆய்வாளர்கள் பதிவு செய்து வைத்திருந்த காட்சிகளிலிருந்து எடுத்தவை. அது அறைக்குள் சுற்றுகிற விதம் மட்டும் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

எலியின் மூளையில் 'கிரிட் செல்' என்ற நரம்பு செல்கள் இருக்கின்றன. எலி ஒரு அறையில் நடக்கும்போது, சில குறிப்பிட்ட புள்ளிகளைக் கடக்கையில் மட்டும் அந்த செல் துடிக்கும். துடித்த இடங்களைக் காகிதத்தில் குறித்தால், தேன்கூடு போன்ற அறுகோண ஒழுங்கு கிடைக்கும். இடத்தை அளக்க மூளை வைத்திருக்கும் கிராஃப் பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் இதைக் கண்டுபிடித்த மோசர் தம்பதிக்கு, ஜான் ஓகீஃபுடன் சேர்த்து 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு வேகத்தையும் திசையையும் மட்டும் கொடுத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணிக்கப் பழக்கினார்கள். யாரும் சொல்லித்தராமலே அதற்குள்ளும் அதே அறுகோண வடிவங்கள் முளைத்தன.

இந்த ஆய்வைத்தான் கின்ஸ்பெர்க் தன் காண்டாமிருகத்துக்கு அடிப்படையாக வைத்தார். மிருகம் அறையைப் பழகப் பழக, அதன் உருவமும் சத்தமும் துல்லியமாகின்றன. அவர் எழுப்பும் கேள்வி நேரடியானது: புதிய செயற்கை அறிவை உருவாக்க இவ்வளவு மெனக்கெடும் நாம், ஏற்கெனவே இருக்கிற உயிர்களை ஏன் கைவிடுகிறோம்?

நல்ல கேள்விதான். ஆனால் எனக்கு உறுத்தியது அந்த வெள்ளை அறை. அது பழகிக்கொள்ள அங்கே என்னதான் இருக்கு?

காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மட்டம். அதன் உலகம் வாசனையாலும் ஒலியாலும் ஆனது. வெள்ளைக் காண்டாமிருகங்கள் பொதுவான இடத்தில் சாணம் போடும். அந்தக் குவியல் ஒரு நோட்டீஸ் போர்டு மாதிரி. போட்டது ஆணா பெண்ணா, என்ன வயசு, இந்த இடம் யாருடையது, பெண் சினைக்குத் தயாரா என்பதெல்லாம் மோந்து பார்த்தே மற்றவற்றுக்குத் தெரியும். இன்னொன்று, அகலமான வாயால் புல்லை ஒட்ட மேய்ந்து மேய்ந்து, அவை புல்வெளியையே குட்டைப் புல் மைதானமாக மாற்றிவிடும். அந்த மைதானத்தை நம்பி வேறு மிருகங்களும் வரும். திரையில் கூடிக்கொண்டே போகிற ரெசல்யூஷன் நம் கண்ணுக்காகத்தான். எதிரே இன்னொரு காண்டாமிருகத்தை நிறுத்தினால் அதற்கு அங்கே மோந்து பார்க்க ஒன்றுமே கிடைக்காது.

படத்தை உயிராக எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. 1515-ல் குஜராத் சுல்தான் தந்த ஒரு காண்டாமிருகம் கோவா வழியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் அதைப் பார்க்காமலே, ஒரு கடிதத்தையும் கோட்டுப் படத்தையும் வைத்து மரச்செதுக்கில் வரைந்தார். தோளில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு வேறு. அந்த மிருகம் அடுத்த வருடமே போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில் கப்பல் மூழ்கிச் செத்தது. படமோ இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவுக்குக் காண்டாமிருகமாகவே இருந்தது.

என் தொழிலில் இதை பேக்கப் பிரச்சினை என்பேன். ஒருமுறை பழைய சிஸ்டம் ஒன்றின் பேக்கப்பை எடுத்து ரீஸ்டோர் பண்ணினோம். டேட்டா ஒரு பைட்கூடக் குறையாமல் வந்தது. ஆனால் அதை ஓட்டிய சாஃப்ட்வேர் எந்த மெஷினிலும் இல்லை, செட்டிங் தெரிந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். டேட்டா இருந்தது, சிஸ்டம் இல்லை. மூணு நாள் ராத்திரி பகலா உட்கார்ந்தும் கிளப்ப முடியலை.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் பேக்கப் இருக்கிறது. 12 மிருகங்களின் செல்களை சான் டியாகோவில் உறைய வைத்திருக்கிறார்கள். பயோரெஸ்க்யூ என்ற திட்டம், ஃபத்துவின் கருமுட்டையையும் இறந்த ஆண்களின் உறைந்த விந்தையும் சேர்த்துக் கருக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றைச் சுமக்க வேண்டியது தெற்கு வகைத் தாய்கள். 2024 ஜனவரியில் அவர்கள் ஒரு முன்னோட்ட வெற்றியை அறிவித்தார்கள். தெற்கு வகைக் கரு ஒன்று வாடகைத் தாயிடம் தங்கி 70 நாள் வளர்ந்திருந்தது, 6.4 செ.மீ. நீளம். அந்தத் தாய் கர்ப்பத்துக்குச் சம்பந்தமில்லாத பாக்டீரியா தொற்றில் இறந்துபோனதால், கரு தங்கியிருந்த விஷயமே பிறகுதான் தெரிந்தது.

இந்த விஞ்ஞானிகள் அவசரப்படுவதற்கு ஒரு காரணம், பிறக்கும் கன்று நஜின், ஃபத்துவோடு சேர்ந்து வளர வேண்டும் என்பது. வடக்கு வகை எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கன்று அவர்களிடமிருந்துதான் கற்க முடியும். உறைய வைத்த செல்லில் அது இல்லை. திரையில் கின்ஸ்பெர்க் காட்டுவதும் அந்த இல்லாமையைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

காண்டாமிருகத்தின் கர்ப்ப காலம் சுமார் 16 மாதம். நஜின் பிறந்தது 1989-ல். காண்டாமிருகங்கள் 40, 45 வருடம் வாழும். சூடான் இறந்தபோது அதற்கு வயது 45.